இடக்கைக்கு ஒரு பூட்டு

என் மகள் பிறவியில் இடக்கைக்காரி. அவளை வலக்கைக்காரி ஆக்கியது நான். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக அதை ஒரு நல்ல காரியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் லண்டனில், பிளேஸ்டோவில், ஒரு கடைக்கு மேலே இருந்த இரண்டு அறை வீட்டில் குடியிருந்தோம். அவளுக்கு மூன்று வயது. சோற்றை இடக்கையால் அள்ளுவாள். யாராவது பிஸ்கட் கொடுத்தால் இடக்கையை நீட்டுவாள். நான் கையை மாற்றிவிடுவேன். அவள் மறுபடி மாற்றுவாள். நான் அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. என்னுடைய பழைய காலுறை ஒன்றை எடுத்து அவளது இடக்கையில் முழங்கை வரை இழுத்து மாட்டிவிட்டு, "பூனைக்குட்டி நித்திரை கொள்ளுது, எழுப்பிப்போடாத" என்பேன். அவளுக்கு அது நல்ல விளையாட்டு. அந்தக் கையை மடியில் கிடத்தி, வலக்கையால் சாப்பிட்டுவிட்டு, கழுவிய கையால் பூனையைத் தடவிக்கொடுப்பாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் தவணையிலேயே ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். பிள்ளை எந்தக் கையால் பென்சிலைப் பிடிக்க விரும்புகிறாளோ அந்தக் கையாலேயே பிடிக்கட்டும், மாற்ற முயல வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து காலுறையை மாட்டிவிட்டேன். கோயிலில் ஐயர் திருநீறு தரும்போது இடக்கையை நீட்டுவாளே, பந்தியில் நாலு பேருக்கு முன்னால் இடக்கையால் குழைத்து உண்பாளே, நாளைக்கு இன்னொரு வீட்டில் போய் வாழப்போகிறவள் அல்லவா என்பதெல்லாம் என் கவலை. இந்த நாட்டு ஆசிரியைக்கு அது விளங்காது என்று நினைத்தேன்.

ஏழு வயதில் வலக்கையால் முத்துமுத்தாக எழுதினாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவள் மருத்துவம் படித்தாள். கனடாவில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பொறியியலாளரைக் கட்டிக்கொண்டு, அவருடைய வேலை இருக்கும் டெக்சாஸுக்குப் போய், அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். நானும் மனைவியும் லண்டனிலேயே பார்க்கிங் என்ற ஊர்ப்பக்கம் ஒரு வீட்டுக்கு மாறிவந்தோம். நான் ஒரு உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆய்வுகூடத்தில் உதவியாளன். தராசுகள், மின்சுற்றுப் பெட்டிகள், பன்சன் அடுப்புகள் எல்லாவற்றையும் திருத்தி அடுக்கி வைப்பது என் வேலை. வாழ்க்கை இனிப் பெரிதாகப் பயமுறுத்தாது என்று நினைக்கத் தொடங்கியிருந்த காலம்.

இந்த வருடம் மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீடியோவில் அழைத்தாள். அப்போது நாலு மாதக் கர்ப்பிணி. ஆடியில் பிள்ளை பிறக்கும், நாங்கள் இருவரும் போய் முப்பத்தொரு நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும் வரை நின்று பார்ப்பது என்று முடிவாகி, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத்தூளுக்காக மனைவி குசினியில் மல்லியும் மிளகும் வறுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே என்றால், "இது பரீட்சை வறுவல். நீங்கள் உங்கட அலுவலைப் பாருங்கோ" என்றாள்.

"அப்பா, தனியவோ இருக்கிறியள்?"

"அம்மா குசினிக்குள்ள. என்ன பிள்ளை?"

"கூப்பிடாதேங்கோ. முதல் உங்களுக்குச் சொல்லுறன்."

அந்த நேரம் பார்த்துப் புகை அலாம் அலறத் தொடங்கியது. "இஞ்சருங்கோ, உந்தச் சனியனை ஒருக்கா நிப்பாட்டுங்கோ!" என்று மனைவி கத்தினாள். நான் கதிரையில் ஏறி, ஒரு கையில் போனுடனும் மற்றக் கையில் துவாயுடனும் அலாமுக்கு விசிறினேன். திரையில் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அலாம் ஓய்ந்தது. கதிரையில் நின்றபடியே, "சொல்லு" என்றேன்.

"எனக்கிட்ட ஒரு பிஸ்டல் இருக்கு, அப்பா."

நான் கதிரையிலிருந்து இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்பது மறந்துபோயிற்று.

அவள் சொன்னது இதுதான். மார்கழியில், இரவுக் கடமை முடிந்து காலை ஆறரை மணிக்கு ஆஸ்பத்திரியின் கார் நிறுத்தும் கட்டடத்தில் தன் காரை நோக்கி நடந்திருக்கிறாள். இரண்டு கார்களுக்கு இடையிலிருந்து ஒருவன் வந்து பையைக் கேட்டான். கையில் கத்தி. அவளிடம் ஒரு சிறிய கைத்துப்பாக்கி இருந்தது. உடம்போடு மறைத்து வைத்திருக்கும் அளவு சின்னது. அங்கே அது சட்டப்படி சரி. நான் வாழும் ஊரில் அப்படி ஒன்றை வைத்திருந்தால் சிறை. கணவன் அடிக்கடி வேலைக்காக வெளியூர் போவதால் வாங்கியிருக்கிறாள். நாலு மாதம் வகுப்புக்குப் போய், வலக்கையால் சுடப் பழகியும் இருக்கிறாள். அதைக் கைப்பையின் பக்கப்பொக்கற்றில் வைத்திருந்தாள்.

"அவன் பையைக் கேட்டவுடன வலக்கையாலதான் நீட்டினனான், அப்பா. குடுக்கிறதெண்டால் சோத்துக்கையாலதானே. நீட்டிக்கொண்டிருக்கேக்கையே மற்றக் கை உள்ள போய் எடுத்திட்டுது. நான் யோசிக்கவே இல்லை. அது இடக்கை."

துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். மேலே இருந்தால் பூட்டு, விசை இழுபடாது. பெருவிரலால் கீழே தள்ளினால் பூட்டுத் திறக்கும். சேஃப்டி என்பார்கள். அவளுடைய துப்பாக்கியில் அது இடப்பக்கத்தில் மட்டும் இருந்தது. வலக்கையால் பிடிப்பவனின் பெருவிரல் அங்கேதான் வந்து நிற்கும். இடக்கையால் பிடித்தவளின் பெருவிரல் மற்றப் பக்கத்தில், ஒன்றும் இல்லாத வெறும் இரும்பைத் தள்ளிக்கொண்டிருந்தது. அவள் விசையை இழுத்திருக்கிறாள். அது அசையவில்லை. அவன் அவளுடைய கையைத் தட்டிவிட்டு, பையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான்.

"உனக்கு ஏதும்?"

"ஒண்டுமில்லை. பிள்ளைக்கும் ஒண்டுமில்லை. அண்டைக்கே ஸ்கான் பாத்தது."

"பொலிஸ்?"

"சொன்னது. பை கிடைச்சுது. ஆள் கிடைக்கேல்லை."

இரண்டு மாதமாக இதைத் தனக்குள் வைத்துக்கொண்டு, ஞாயிறு தோறும் என்னோடு குளிரைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் கதைத்திருக்கிறாள். இப்போது ஏன் சொல்கிறாள் என்று கேட்டேன். அந்தத் துப்பாக்கியை மாற்றி அமைக்கக் கொடுத்திருந்தாளாம். வேலை முடிந்து திரும்பி வந்துவிட்டதாம். குண்டுகளை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, அதைத் திரைக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள்.

துப்பாக்கி திருத்துகிறவர் இரண்டு காரியம் செய்திருந்தார். இடக்கையின் பெருவிரலுக்கு எட்டும்படி வலப்பக்கத்திலும் ஒரு நெம்பு வைத்திருந்தார். அவளுடைய கை சின்னது, பிடி தடிப்பு. அதனால் பிடியைச் செதுக்கி ஒடுக்கி, வியர்வையில் வழுக்காதபடி சொரசொரப்பாக்கியிருந்தார். அவள் இடக்கையால் பிடித்தாள். பெருவிரல் சரியாக நெம்பில் போய் இருந்தது. கீழே தள்ளினாள். டிக் என்றது.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன். முப்பது வருடமாகக் கருவிகளோடு இருந்த புத்தி, என்னைக் கேட்காமலே வேலை செய்யத் தொடங்கியது.

"அந்த நெம்பு இவ்வளவு வெளியால நிக்குதே. உடுப்பில கொழுவுப்பட்டுத் தன்பாட்டில கீழ இறங்காதோ?"

மகளின் முகம் மலர்ந்தது. "அதைத்தான் நானும் கேட்டனான், அப்பா! கொஞ்சம் இறுக்கமா வைச்சிருக்கிறாராம். இறங்காதாம்."

"இறுக்கமெண்டால் உன்ர விரலுக்கு ஏலுமோ?"

"ஏலும். பாருங்கோ." டிக்.

மனைவி அகப்பையோடு வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"என்னப்பா, பிள்ளை துவக்கு வைச்சிருக்கிறாள். நீங்கள் அதுக்கு ஐடியா குடுக்கிறியள் என்ன?"

பிறகு எல்லாவற்றையும் மகள் அவளுக்கு இன்னொரு முறை சொன்னாள். மனைவி மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, அகப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் குறுக்கிடாமல் கேட்டாள். குசினியில் மல்லி கருகி, அலாம் மறுபடி அலறியது. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

நான்தான் பிழை விட்டேன். "அண்டைக்கு அது வெடிக்காமல் இருந்ததுதான் நல்லது" என்றேன்.

"நல்லதோ?"

"அவனுக்கு என்ன வயசிருக்கும்?"

"அவன்ர வயசு உங்களுக்கு என்னத்துக்கு?" அவளுடைய குரல் ஒருபோதும் இல்லாத மாதிரித் தட்டையாக இருந்தது. "இருபது இருக்கும். அவன்ர கையில கத்தி இருந்தது, அப்பா. எனக்குள்ள பிள்ளை இருந்தது. அந்த லொக் திறந்திருந்தால் எனக்கு இந்த ரெண்டு மாசமும் நித்திரை வந்திருக்கும்."

"வந்திராது, பிள்ளை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் சொல்லக்கூடாததைச் சொன்னேன். "உது வீட்டுக்குள்ள இருந்தால் நான் அங்க வரமாட்டன்."

"சரி, வராதேங்கோ" என்றாள். திரை கறுத்தது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தது அந்தச் சத்தம் மட்டும்தான். யுத்த காலத்தில், ஊரில், இருபது வயதில், பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் தினமும் ஒரு இராணுவக் காவலரணில் சைக்கிளை விட்டிறங்க வேண்டும். அங்கே ஒரு சிப்பாய் இருந்தான். என் அடையாள அட்டையை இடக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, வலக்கைப் பெருவிரலால் துவக்கின் பூட்டை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருப்பான். டிக், டிக். கோபத்தில் அல்ல. சிலர் பேனாவின் மூடியை அழுத்திக்கொண்டிருப்பார்களே, அந்த மாதிரி. அவன் என்னை ஒருநாளும் அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவும் இல்லை. அட்டை திரும்பக் கைக்கு வரும் வரை, பூட்டு இப்போது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டே நிற்பேன். மேலே, கீழே, மேலே. ஒன்றரை வருடம். இப்போதும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பேனாவை அழுத்தினால் நான் என்னை அறியாமல் எண்ணத் தொடங்கிவிடுவேன். அந்தச் சத்தம் என் மகளின் கையிலிருந்து, டெக்சாஸிலிருந்து, என் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது.

பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் அவள் தாயோடு மட்டும் கதைத்தாள். நான் பக்கத்து அறையில் இருந்து கேட்பேன். கால் வீங்குகிறதா, இரும்புச்சத்துக் குளிசை போட்டாயா, இதே கதைதான். அந்த ஞாயிறுகளில் நான் மிகவும் களைத்துப்போவேன். ஒரு வேலையும் செய்யாமல் களைத்துப்போவது ஐம்பத்தாறு வயதில்தான் எனக்குப் பழகியது.

மனைவியோடு ஒருநாள் வாய்த்தர்க்கம் வந்தது.

"நீங்கள் வராட்டி விடுங்கோ. நான் போறன்" என்றாள். "துவக்கு இருந்தாலும் சரி, பீரங்கி இருந்தாலும் சரி, பிள்ளையைக் குளிக்கவாக்க ஆள் வேணும்."

"உமக்குப் பயமில்லையோ?"

"பயமில்லாமலோ? பயந்துபோய்த்தானே அவள் அந்தத் துவக்கை வாங்கினவள். நீங்களும் பயந்துபோய்த்தான் வரமாட்டன் எண்டு நிக்கிறியள். ரெண்டு பேரும் ஆளையாள் பயப்படுத்திக்கொண்டிருங்கோ. எனக்கு நேரமில்லை."

பிறகு, வறுத்த மிளகைப் போத்தலில் கொட்டியபடி, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "அவளின்ர கையில அந்தச் சொக்ஸ் போட வேண்டாமெண்டு அப்பவே சொன்னனான்."

அதுவரைக்கும் அது எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. துப்பாக்கியைப் பற்றி நினைத்தேன், அமெரிக்காவைப் பற்றி, மருமகனின் வேலையைப் பற்றி, கத்தி வைத்திருந்தவனைப் பற்றி எல்லாம் நினைத்தேன். அவளுடைய கையைப் பற்றி நினைக்கவில்லை. நாலு மாதம் வலக்கையால் ஏன் பழகினாள்? தான் வலக்கைக்காரி என்று அவள் நம்பியதால். அதை நம்பவைத்தது யார்? அந்தக் கார் நிறுத்துமிடத்தில் கத்திக்கு முன்னால் நின்றபோது, எந்தக் கை தன்னுடையது என்று என் பிள்ளைக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

அதே காரணத்தால்தான் அன்றைக்கு ஒருவனும் சாகவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வைகாசியில், ஏழாம் மாதத்தில், அவள் லண்டனுக்கு வந்தாள். "அப்பா வரமாட்டாராம் எண்டால் நான் வாறன்" என்று தாயிடம் சொன்னாளாம். இரண்டு கிழமை. ஹீத்ரோவில் என்னைக் கண்டதும், வயிறு இடிக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து கட்டிக்கொண்டாள். "மெலிஞ்சு போனியள்" என்றாள். "நீதான் எனக்கும் சேத்துக் கொழுத்திருக்கிறாய்" என்றேன். அதோடு சமாதானம் என்றமாதிரி இருந்தது. துப்பாக்கியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாசலில் கொழுவியிருந்த அவளுடைய கைப்பையைக் கடந்துபோகும் போதெல்லாம் அதைப் பார்ப்பேன். அதற்குள் அது இருக்க முடியாது என்று தெரிந்தும் பார்ப்பேன்.

நாலாம் நாள் மூவரும் மரக்கறி வாங்கப் பார்க்கிங் ரவுனுக்குப் போனோம். மனைவி முருங்கைக்காயைத் தட்டிப் பார்த்துக் கடைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நானும் மகளும் பஸ் தரிப்பில் நின்றோம். நல்ல வெயில். பட்டப்பகல். பின்னாலிருந்து ஒரு மனிதர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தார். காலடிச் சத்தம் கிட்ட வந்தது.

மகள் திரும்பிய வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வலக்கை வயிற்றை மூடியது. இடக்கை கோட்டுக்குள் போய், வெறுங்கையாகத் திரும்பி வந்து, இடுப்புக்குப் பக்கத்தில் நின்றது. விரல்கள் எதையோ பிடித்த மாதிரி மடங்கியிருந்தன. பெருவிரல் மட்டும் கீழ்நோக்கித் தள்ளியது. ஒருமுறை. மறுமுறை.

அந்த மனிதர் எங்களைத் தாண்டி ஓடி, பஸ்ஸில் ஏறிவிட்டார். எங்களைப் பார்க்கக்கூட இல்லை.

அவள் தன் கையைப் பார்த்தாள். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தெரிந்தது. கையைக் கோட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள்.

"பூனை எழும்பியிட்டுது, அப்பா."

அவளுக்கு அது ஞாபகமிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. மூன்று வயதில் தொடங்கிய விளையாட்டு அது. தரிப்பில் இருந்த சிவப்புச் சாய்மானத்தில் அவளை இருக்கவைத்தேன். நானும் பக்கத்தில் சாய்ந்துகொண்டேன்.

"நெடுக இப்பிடியோ?"

"ஓம். வோர்ட்டில ஒரு நேர்ஸ் பின்னால வந்தாலும்."

"அது கிட்ட இருந்தால் பயம் குறையுதோ?"

யோசித்துப் பதில் சொன்னாள். "குறையேல்லை. இல்லாட்டிக் கூடுது. அவ்வளவுதான்."

"சொக்ஸ் போட்டது பிழை, பிள்ளை."

"விடுங்கோ அப்பா. நல்ல சொக்ஸ்தானே, சூடா இருந்தது."

மனைவி முருங்கைக்காய்க் கட்டோடு வந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். "என்ன, ரெண்டு பேரும் அழுதுபோட்டு இருக்கிறியளோ, இல்லாட்டி அழப்போறியளோ? பஸ் வருது" என்றாள்.

வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து அன்னதானம். வரிசையில் நிற்கும்போது மகள் நாரி நோவென்று வலக்கையை முதுகுக்குக் கொடுத்துக்கொண்டு, இடக்கையில் தட்டை நீட்டினாள். பொங்கல் போட்டுக்கொண்டிருந்தவர் எங்களைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார்.

"பிள்ளை, சோத்துக்கை, சோத்துக்கை."

அவள் உடனே தட்டை மாற்றப்போனாள். அவ்வளவு பழக்கம். நான் குறுக்கே சொன்னேன்: "அவ இடக்கைக்காரி, அண்ணை. அதிலையே போடுங்கோ."

என் வாழ்க்கையில் அந்த வசனத்தை முதன்முதலாக அன்றைக்குத்தான் சொன்னேன். வரிசையில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடம் நான் பயந்தது இந்த நாலு பேருக்குத்தான். அவர்கள் பார்த்துவிட்டுத் தங்கள் தட்டுக்குத் திரும்பினார்கள்.

"பிள்ளை எங்க இருக்கிறா?" என்றார் அவர்.

"அமெரிக்காவில டொக்டரா இருக்கிறா."

"அப்ப சரிதான். அங்க காரே மற்றப் பக்கத்தாலதானே ஓடுது" என்று சொல்லி, இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டார். "ஒண்டு உள்ளுக்கு இருக்கிற ஆளுக்கு."

திரும்பி வரும்போது ரயிலில் மகள் தானாகவே கதையைத் தொடங்கினாள். துப்பாக்கியை உள்ளே வைக்க, படுக்கை அறைச் சுவரில் திருகாணி போட்டுப் பூட்டும் ஒரு இரும்புப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறார்களாம். இலக்கம் அழுத்தினால்தான் திறக்குமாம். மூன்று மாதமாக நிலத்தில் கிடக்கிறதாம்.

"ஏன் பூட்டேல்லை?"

"உங்கட மருமகன் ட்ரில் பிடிச்சால் சுவர்தான் விழும்."

ஜன்னலுக்கு வெளியே வீடுகளின் பின்வளவுகள் ஓடின. நீங்கள் வந்து பூட்டித்தாங்கோ என்று அவள் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் விட்டது என்னை இன்னும் களைப்பாக்கியது.

அவள் போய் ஒரு கிழமையாகியது. பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நாட்கள். நான் ஆய்வுகூடத்தின் பின்னறையில் அலுமாரிக் கதவுகளின் பிணைச்சல்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். எல்லாக் கதவுகளும் இடப்பக்கத்தில் பிணைச்சல், வலப்பக்கத்தில் கைபிடி. வலக்கையால் திறப்பவர்களுக்காகச் செய்தவை. மூன்றாவது கதவில் எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குப் போன் எடுத்தேன். அங்கே காலை.

"அந்தப் பெட்டியின்ர கதவு எந்தப் பக்கம் திறக்குது?"

"என்னப்பா?"

"பெட்டி. பிணைச்சல் எந்தப் பக்கம்?"

எழுந்து போய்ப் பார்க்கும் சத்தம் கேட்டது. ஏழரை மாதக்காரி குனிந்து பார்க்கும் மூச்சும் கேட்டது. "இடப்பக்கம்."

"அப்ப உன்ர இடக்கை உள்ள போகேக்க கதவு மறிக்கும்."

"ஓம்." கையை உள்ளே விட்டுப் பார்த்து, "ஓம், மறிக்குதுதான்" என்றாள்.

"தலைகீழாப் பூட்டலாம். அப்ப பிணைச்சல் வலப்பக்கம் வரும். இலக்கமெல்லாம் தலைகீழாத் தெரியும், பரவாயில்லையோ?"

நான் தொடர்ந்தேன், நிறுத்தினால் பிறகு சொல்ல வராது என்பதால். "நான் அதைத் தொடமாட்டன். நான் நிக்கிற அறையில அந்தச் சத்தம் கேக்கக்கூடாது. வீட்டுக்கு வந்தால் முதல் அது பெட்டிக்குள்ள, பேந்துதான் பிள்ளையைத் தூக்கிறது. கைப்பைக்குள்ள வைக்கிற பழக்கம் வேண்டாம். பிள்ளையள் பைக்குள்ள கை விடும்."

"சரி, அப்பா."

"எனக்கு இன்னும் விருப்பமில்லை."

"தெரியும், அப்பா."

"சுவர் என்ன சுவர்? பலகையோ, கல்லோ?"

"எனக்கென்ன தெரியும்? தட்டிப் பாக்கட்டோ?"

"தட்டு. போனைக் கிட்ட வை."

அவள் தட்டினாள். வெறும் பலகை. உள்ளே ஒன்றுமில்லாத கூடு. கொஞ்சம் தள்ளித் தட்டச் சொன்னேன். அங்கேயும் கூடு. இன்னும் கொஞ்சம். மூன்றாவது தடவை சத்தம் கனத்தது, பின்னால் மரச்சட்டம் இருக்கிறது. "அதில ஒரு அடையாளம் போட்டு வை" என்றேன். "போட்டாச்சு" என்றாள். எந்தக் கையால் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது ஆனி. மனைவி இறுதி வறுவலை முடித்துவிட்டாள். அலாமுக்குக் கீழே நான் துவாயோடு நின்றேன். பயணப்பெட்டி அறையின் நடுவில் திறந்து கிடக்கிறது. ஒரு பக்கம் சரக்குத்தூள் போத்தல்கள், பழைய பருத்திச் சேலைத் துண்டுகள், ஒரு சின்னத் தொப்பி. மறுபக்கம் நேர்மட்டம் பார்க்கும் என் ரசமட்டம், திருகாணிப் பெட்டி, சுவருக்குள் சட்டம் தேடும் கருவி. எல்லாம் மிளகு மணக்கிறது.

"பேரப்பிள்ளையைப் பாக்கப் போறவர் கொண்டுபோற சாமானைப் பாருங்கோ" என்று மனைவி சொல்லிவிட்டு, ரசமட்டம் உடையாமல் அதைச் சேலைத் துண்டொன்றில் சுற்றி வைத்தாள்.

இரவில் எனக்கு இன்னும் நித்திரை சரியாக வருவதில்லை. அந்தக் கத்திக்காரனையும் நினைக்கிறேன். இருபது வயதில் எங்கோ உயிரோடு திரிகிறான், ஒரு நெம்பு தவறான பக்கத்தில் இருந்ததால். இனி அது இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. நான் போய் அதை வைக்கும் பெட்டியைச் சுவரில் நேராக, தலைகீழாக, அவளுடைய கைக்குத் தக்கபடி பூட்டப்போகிறேன். ஒன்பது மணிநேரத்துக்கும் மேலான பயணம். ஜன்னல் பக்கம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அடிக்கடி எழுந்து நடக்க வேண்டியிருக்கும்.